ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது போலீஸ் நிறுத்தினா எதுவரை கேக்கலாம்? ஹைகோர்ட் தீர்ப்புன்னு சுத்துற வாட்ஸ்அப் மெசேஜை நம்பலாமா?

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகர். பாண்டிச்சேரி பக்கம் ஒரு கம்பெனியில வேலை, ரெண்டாவது ஷிப்ட். முடிஞ்சு கிளம்பவே பதினோரு மணி தாண்டிடும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்னு பைக்லதான் வீட்டுக்கு வருவேன்.

போன வாரம் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் ஒரு இடத்துல நிறுத்தினாங்க. எந்த ஸ்டேஷன்னு இங்க எழுதல. ஹெல்மெட் போட்டிருந்தேன். லைசென்ஸ், ஆர்.சி. ரெண்டையும் டிஜிலாக்கர்ல காட்டினேன். "அசல் எங்கடா"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லிட்டு இருக்கும்போதே ஒருத்தர் வண்டிச் சாவியை உருவிட்டார். பையைத் திறக்கச் சொன்னாங்க. டிபன் பாக்ஸ், கம்பெனி யூனிபார்ம், ஒரு துண்டு, அவ்வளவுதான் இருந்துச்சு. அப்புறம் போனைக் கேட்டாங்க. லாக்கை எடுத்துக் குடுன்னு சொன்னதும் பயத்துல குடுத்துட்டேன். கேலரியைத் திறந்து எங்க அக்கா வளைகாப்பு போட்டோவை எல்லாம் ஒண்ணொண்ணா தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. அக்கா கை நிறைய வளையலோட உக்காந்திருக்கிற படத்தைப் பெருசாக்கி, "இது யாரு"ன்னு கேட்டாங்க. எனக்கு அந்த நேரத்துல வந்த கோவத்தை எழுத முடியல.

"வீட்டுப் பொம்பளைங்க போட்டோ சார், குடுத்துடுங்க"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். "சட்டம் பேசுறியா"ன்னு வண்டியோட ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. விடியிற வரைக்கும் பெஞ்சுல உக்கார வச்சாங்க. வீட்டுக்குப் போன் பண்ண விடல. காலையில எஸ்.ஐ. வந்து, "போ, இனிமே ஒழுங்கா பேசு"ன்னு அனுப்பிட்டார். எஃப்.ஐ.ஆர். இல்ல, அபராதம் இல்ல, ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. அம்மா ராத்திரி முழுக்கத் தெருவாசல்ல நின்னிருக்காங்க.

இதைக் கேட்ட கம்பெனி நண்பர் ஒரு மெசேஜ் அனுப்பினார். "போலீஸ் சாவியை எடுக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, பையைச் சோதிக்கக் கூடாது, ஹெல்மெட்டுக்குத் துரத்தக் கூடாது, குடிச்சிருந்தாலும் வண்டியைப் பிடிக்கக் கூடாது, எல்லாம் ஹைகோர்ட் தீர்ப்பு, இதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள்"னு இருக்கு. இதெல்லாம் உண்மையா? நமக்குச் செல்லுமா? சட்டம் தெரிஞ்சவங்க கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்க. நாளைக்கும் நான் அதே ரோட்லதான் வரணும்.

பாகூர்க்காரன்:

எனக்கும் இதே ரோட்ல நடந்திருக்கு தம்பி. நான் எதுவும் பண்ணல. பண்ணியிருக்கணும்னு இப்பவும் தோணுது. விவரம் தெரிஞ்சவங்க எழுதட்டும், நானும் படிக்கக் காத்திருக்கேன்.

கறுப்புக் கோட்டு, மஞ்சக்குப்பம்:

தம்பி, நான் கடலூர் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு பார்க்கும் வக்கீல். சட்டப்பணிகள் ஆணைக்குழு முகாமுக்காக தேவனாம்பட்டினம், தாழங்குடா என்று போகும் இடமெல்லாம் இதே மெசேஜைத்தான் போனில் நீட்டிக் காட்டி "அக்கா, நிஜமா" என்று கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த மெசேஜில் இருக்கும் தீர்ப்புகள் பல நிஜமானவை. ஆனால் எந்த ஊர் ஹைகோர்ட், என்ன வழக்கு, யார் கேட்டதற்கு என்ன சொன்னது என்பதை எல்லாம் வெட்டிவிட்டு "கூடாது, கூடாது" என்பதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதை நம்பி நடுரோட்டில் குரலை உயர்த்திய பையன்கள் மேல், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக வழக்கு விழுந்து, ஜாமீனுக்காக அவர்கள் அம்மாக்கள் என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த மெசேஜைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் உங்களுக்கு நடந்ததில் எது பெரிய தப்பு என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாவியையும் போனையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விடியும்வரை பெஞ்சில் உட்கார வைத்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் பெரியது.

"கைது எல்லாம் பண்ணலம்மா, சும்மா விசாரணைக்கு உக்கார வச்சிருக்கோம்" என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு நடுவாந்திர நிலை கிடையாது. 1980இல் நிரஞ்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைத்தான் எடுத்துக் கண்டித்தார். காவலில் வைத்திருக்கிறோம் ஆனால் கைது இல்லை, பேச மட்டும் கூப்பிட்டோம் என்றெல்லாம் போலீஸ் சொல்லும் சொற்சிலம்பத்தைக் கோர்ட் ஏற்காது என்று எழுதினார். நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போக முடியாத நிலையில் இருந்தீர்களா, இல்லையா? முடியாது என்றால் அது காவல்தான். காவல் என்றால் அதற்கான கடமைகள் எல்லாம் உடனே தொடங்கிவிடும்.

அந்தக் கடமைகள் டி.கே.பாசு வழக்கில் வந்தவை. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர், லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து 1986இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1996 டிசம்பரில் தீர்ப்பு சொன்னார்கள். கைது செய்யும் போலீஸ்காரர் பெயரும் பதவியும் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதெல்லாம் இன்றைக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலேயே 36, 48 என்று பிரிவுகளாக இருக்கிறது. உங்கள் அம்மா ராத்திரி முழுக்க வாசலில் நின்றார் என்றீர்களே, அந்த ஒன்றே இந்தச் சட்டம் மீறப்பட்டதற்கு ஆதாரம்.

விசாரணைக்குக் கூப்பிடுவது பற்றி நம்ம ஹைகோர்ட் சொல்லியிருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்டு சென்னை ஹைகோர்ட்டில் மனு போட்டால், வழக்கமாக ஒரு பக்கத்துக்குள் உத்தரவு வரும். வக்கீல்களுக்கு அது மனப்பாடம். கூப்பிடுவதானால் தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் சம்மன் கொடு, விசாரணையில் நடந்ததை ஸ்டேஷன் டைரியில் பதிவு செய், வந்தவரைத் துன்புறுத்தாதே, எஃப்.ஐ.ஆர். போடுவதிலும் முதற்கட்ட விசாரணையிலும் லலிதா குமாரி தீர்ப்பைப் பின்பற்று. 2013இல் வந்த அந்த லலிதா குமாரி தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்துடையதுதான். கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். இந்த ஒரு பக்க உத்தரவின் நகலை நான் முகாம்களில் கொடுப்பேன். பேப்பரில் பெரிய எழுத்தில் வரும் தீர்ப்புகளை விட, நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தச் சின்ன உத்தரவுதான் அதிகம் உதவியிருக்கிறது.

இனி "நமக்குச் செல்லுமா" என்ற கேள்வி. உச்ச நீதிமன்றம் சொன்னது நாடு முழுக்கக் கட்டும், அரசியல் சாசனம் 141வது பிரிவு. சென்னை ஹைகோர்ட் சொன்னது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்துக் கட்டும். 1962இலிருந்தே பாண்டிச்சேரி சென்னை ஹைகோர்ட்டுக்குக் கீழேதான். அதனால் எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போலீஸ் வேறு, அரசாங்கம் வேறு, ஆனால் ஹைகோர்ட் ஒன்று. மதுரைக் கிளையில் வந்த தீர்ப்பும் அதே கோர்ட்டின் தீர்ப்புதான். ஆனால் கேரளா ஹைகோர்ட்டோ தெலங்கானா ஹைகோர்ட்டோ சொன்னது இங்கே யாரையும் கட்டாது. நம் நீதிபதி முன்னால் "அவர்கள் இப்படிப் பார்த்திருக்கிறார்கள், நீங்களும் பாருங்கள்" என்று எடுத்து வைக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு ஏட்டிடம் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

உங்கள் மெசேஜில் ஹெல்மெட்டுக்குத் துரத்தக் கூடாது என்பது கேரளா ஹைகோர்ட், 2019 நவம்பர். குறுக்கே பாய்ந்தோ விரட்டியோ பிடிக்காதீர்கள், கேமரா போன்ற வழிகளைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னார்கள். நல்ல தீர்ப்பு. அதற்கு முந்தைய வருஷம்தான் திருச்சி பக்கம் துவாக்குடியில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியைத் துரத்தி, பைக்கை உதைத்ததாக ஓர் ஆய்வாளர் மேல் வழக்கு வந்தது. அந்தப் பெண் இறந்தே போனார். ஆனாலும் "நிறுத்தக் கூடாது" என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கை காட்டினால் நிறுத்தியாக வேண்டும். குடித்திருந்தாலும் வண்டியைப் பிடிக்கக் கூடாது என்பது தெலங்கானா ஹைகோர்ட், 2021. அதுவும் முழுசாகப் படித்தால், குடிக்காத ஒருவர் கூட இருந்தால் அவரிடமோ, வரவழைத்த சொந்தக்காரரிடமோ வண்டியைக் கொடு என்றுதான் இருக்கிறது. குடித்தவனை ஓட்ட விடு என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது.

போன் விஷயம். 2021 மார்ச்சில் கர்நாடகா ஹைகோர்ட் வீரேந்திர கன்னா வழக்கில் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. வழக்கு பதிவாகி விசாரணை நடக்கும்போது கூட, போனுக்குள் தேட சாதாரணமாக வாரண்டு வேண்டும் என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு போகிறது. இதுவும் வெளி மாநிலம்தான். ஆனால் அதற்கு அடியில் நிற்பது அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்ன புட்டசாமி தீர்ப்பு. அது நமக்கும் கட்டும். வழக்கே இல்லாமல் ரோட்டில் நிறுத்தி உங்கள் அக்காவின் வளைகாப்பு படத்தைத் தள்ளிப் பார்க்க பி.என்.எஸ்.எஸ்ஸில் ஒரு பிரிவும் கிடையாது. நீங்களாக லாக்கை எடுத்துக் கொடுத்தால் "சம்மதித்தான்" என்று எழுதிவிடுவார்கள். அதனால் அடுத்த முறை கோபப்படாமல், "சார், வழக்கு இருந்தா எழுத்துல கேளுங்க, குடுக்கிறேன்" என்ற ஒரே வாக்கியம். பிடுங்கினால் இழுபறி வேண்டாம். நேரத்தை மட்டும் மனசில் வையுங்கள்.

அசல் லைசென்ஸ் பிரச்சினை முடிந்து போன ஒன்று. 2017இல் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவு போட்டு, அது ஹைகோர்ட் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு மத்திய மோட்டார் வாகன விதி 139ஐயே திருத்திவிட்டார்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினால் அதுவே அசல். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டாதீர்கள், ஆப்பைத் திறந்து காட்டுங்கள். காட்ட மாட்டேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 130 சொல்கிறது. பெயரும் விலாசமும் சொல்ல மறுத்தால் அதுவே கைதுக்கு வழியாகிவிடும்.

சாவியை உருவலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. லைசென்ஸோ பதிவோ பர்மிட்டோ இல்லாத வண்டியைத் தடுத்து வைக்க 207 இருக்கிறது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், அது 206. உங்கள் லைசென்ஸ், ஆர்.சி. இரண்டும் சரியாக இருந்தும் வண்டி ஸ்டேஷனில் நின்றது. அதற்குச் சீட்டும் இல்லை.

பை விஷயத்தில் மட்டும் மெசேஜ் உங்களை ஏமாற்றுகிறது. நம் ரோடு சாதாரண ரோடு இல்லை. அந்தப் பக்கம் புதுச்சேரி கலால் சட்டம், இந்தப் பக்கம் 1937ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். பாண்டிச்சேரி பாட்டில் எல்லை தாண்டினால் இங்கே வழக்கு, வண்டியும் பறிமுதலாகலாம். இந்தச் சட்டத்தில் வாரண்டு இல்லாமல் சோதனை போட அதிகாரம் இருக்கிறது. அதனால் பையைத் திறந்து காட்டியது சரியான காரியம். கஞ்சா சந்தேகம் என்று உடம்பைத் தடவிச் சோதிப்பதானால் கணக்கு வேறு. கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அவர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், போதைப்பொருள் சட்டம் 50வது பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு உடம்புக்குத்தான், கையில் இருக்கும் பைக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005இலேயே சொல்லிவிட்டது.

இத்தனையும் எழுதுவது ரோட்டில் வாதாட இல்லை தம்பி. ரோட்டில் நமக்கு வேண்டியது நாலு தகவல்: யார், என்ன பதவி, எத்தனை மணி, எந்த இடம். ஹைகோர்ட் நீதிபதி முன்னால் போய் நிற்கும்போது கேட்கப்படுவது இந்த நாலும்தான்.

ஓய்வு ஏட்டு:

வக்கீலம்மா எழுதியதைப் படித்தேன். நான் புதுச்சேரி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லையில் பல வருஷம் நின்றிருக்கிறேன்.

தம்பிக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. ஒரு பெண்ணின் படத்தைப் பெருசாக்கிக் காட்டி யார் என்று கேட்பது போலீஸ் வேலையே இல்லை. என் கூட நின்றவன் அப்படிச் செய்திருந்தால் அங்கேயே போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

நிற்கிறவன் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். ராத்திரி எல்லையில் நிற்கும்போது வருகிற வண்டி எது என்று தெரியாது. சாராய வண்டிக்காரன் ஏற்றிவிட்டே போவான். சாவியை எடுக்கும் பழக்கம் அந்தப் பயத்தில் வந்தது. சட்டத்தில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, கை காட்டினதும் ஓரம் கட்டுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், ஸ்டாண்டு போட்டு இறங்கிவிடுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். முகம் தெரிந்ததும் பாதிச் சூடு தணிந்துவிடும். சாவியை நீங்களே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் பிடுங்க வேண்டிய தேவை வராது. கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே மாட்டிக்கொள்ளுங்கள்.

அபராதம் என்றால் இ-சலான் மெஷினில்தான். ரசீது வராத காசைக் கொடுக்காதீர்கள். அங்கேயே கட்டியாக வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை, பிறகு ஆன்லைனில் கட்டலாம், தப்பே செய்யவில்லை என்றால் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஸ்டேஷனுக்குள் யார் வந்தாலும் ஜெனரல் டைரியில் ஏற வேண்டும். தம்பி பெயர் அன்றைக்கு ஏறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் கேமரா இருக்கிறது. பெஞ்சு இருக்கிற இடம் பெரும்பாலும் கேமராவுக்குள் வரும். வக்கீலம்மா அதைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

செவிலி, அரியாங்குப்பம்:

வக்கீல் அக்கா, நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கும் ஒரு சந்தேகம். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கு, தை மாசம் கல்யாணம். ஈவினிங் டியூட்டி முடிஞ்சா அவர்தான் பைக்ல கொண்டு வந்து விடுவார். நிறுத்தினா லைசென்ஸ் கேக்கிறதுக்கு முன்னாடியே "யாரு இது, கல்யாணம் ஆயிடுச்சா, வீட்டு நம்பர் குடு, அப்பாகிட்ட பேசுறேன்"னு ஆரம்பிக்கிறாங்க. ஒருமுறை அவரைத் தனியா தள்ளி நிக்க வச்சுட்டு என்கிட்ட ரொம்ப நேரம் கேள்வி கேட்டாங்க. கூட லேடி போலீஸ் யாரும் இல்ல. இதுக்கு நாங்க பதில் சொல்லித்தான் ஆகணுமா? பொம்பளைங்களை ராத்திரியில கைது பண்ணவே முடியாதுன்னு ஒரு மெசேஜ்ல பார்த்தேன், அது சரியா?

கறுப்புக் கோட்டு, மஞ்சக்குப்பம்:

ஏட்டையா, நன்றி. கேமரா பற்றிச் சரியாகச் சொன்னீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

செவிலித் தங்கச்சிக்கு. நீங்கள் எழுதியதை அச்சு எடுத்தது போல ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2001 அக்டோபர், குஜராத்தில் வதோதரா. நவராத்திரி சமயம், நடுராத்திரிக்கு மேல் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் நிச்சயமான ஜோடி ஒன்று பைக்கில் போகிறது. காவலில் இருந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் நிறுத்துகிறார். கேள்விகள் கேட்கிறார். அப்புறம் அந்தப் பெண்ணோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்கிறார். அந்தப் பையன் மறுத்ததும், சரி வேறு ஏதாவது கொடு என்கிறார். பையன் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான். மறுநாள் புகார் கொடுக்கிறான். துறை விசாரித்து அந்தக் காவலரை வேலையிலிருந்து நீக்கியது. குஜராத் ஹைகோர்ட் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, நீக்கியது சரிதான் என்றது. ஒழுக்கக் காவல் செய்வது போலீசின் வேலை இல்லை, அந்தக் காவலரோ போலீஸ்காரர் கூட இல்லை என்று எழுதினார்கள். மறுநாளே அந்தப் பையன் வாய் திறந்தான் பாருங்கள், இருபத்தோரு வருஷம் கழித்தும் வழக்கு நின்றதற்கு அதுதான் காரணம்.

நம்ம ஹைகோர்ட்டிலும் இருக்கிறது. 2019 டிசம்பரில் கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்த வழக்கு. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படித் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே என்று கேட்டு, சீலை எடுக்கச் சொன்னார் நீதிபதி எம்.எஸ்.ரமேஷ். அறையில் தங்குவதே குற்றம் இல்லை என்றால் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அப்பா நம்பரும் தர வேண்டாம். "டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போறேன் சார்" போதும். உங்கள் இருவரையும் பிரித்து நிறுத்தினால், பெண் போலீஸை வரவழைக்கச் சொல்லுங்கள், 112க்குப் போன் போடுங்கள். உடம்பைச் சோதனை போடுவதானால் ஒரு பெண்தான் போட வேண்டும். அதில் விதிவிலக்கே கிடையாது.

ராத்திரிக் கைது பற்றிய மெசேஜை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் பெண்ணைக் கைது செய்யக் கூடாது, அவசரம் என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 43 சொல்கிறது. ஆனால் 2025 பிப்ரவரியில் மதுரைக் கிளையில் இரண்டு நீதிபதிகள் அமர்வு இதைப் பார்த்து, அந்த விதியை மீறினார்கள் என்பதாலேயே கைது செல்லாமல் போய்விடாது என்று சொல்லியிருக்கிறது. ஏன் மீறினீர்கள் என்பதற்கு அதிகாரி விளக்கம் தர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. இந்த விதி எதற்காக வந்தது என்பதை ஸ்டேஷன் வாசலில் ராத்திரி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் இன்றைக்கு நம் கோர்ட்டின் சட்டம் அதுதான், அதைத் தெரிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். சாட்சி சொல்ல உங்களை ஸ்டேஷனுக்கு வா என்றால் மறுக்கலாம். பெண்களை, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களை, 60 தாண்டியவர்களை வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று 179வது பிரிவு சொல்கிறது. அந்த விதி அப்படியே நிற்கிறது.

கெடிலக்கரை:

அக்கா, ஏட்டையா, ரெண்டு பேருக்கும் நன்றி. அம்மாகிட்ட முழுசா படிச்சுக் காட்டினேன். அம்மா, "போலீஸைப் பகைச்சுக்கிட்டு அதே ரோட்ல எப்படி வருவ"ன்னு கேக்கிறாங்க. அந்தப் பயம் எனக்கும் இருக்கு. ஆனா அக்காவோட படத்தைப் பார்த்ததை விட மனசு வரல. புகார் குடுத்தா என்ன நடக்கும், யார்கிட்ட குடுக்கணும்? வக்கீல் பீஸ் கட்டுற நிலைமையில நான் இல்ல.

கறுப்புக் கோட்டு, மஞ்சக்குப்பம்:

பீஸ் பற்றி யோசிக்காதீர்கள். 15100க்கு அடித்தாலே சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வக்கீல் ஏற்பாடு செய்வார்கள். புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் அதே எண்தான்.

முதல் வேலை கேமரா. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷமாவது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளத்தில் நடந்ததற்கு அப்புறம் ஸ்டேஷன் கேமராப் பதிவின் அருமை தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "இன்ன தேதி ராத்திரி முதல் விடியும்வரை உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று ஒரு கடிதம், எஸ்.பி.க்கு, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில். தகவல் உரிமைச் சட்டத்தில் அன்றைய ஜெனரல் டைரிப் பதிவையும் கேட்போம். உங்கள் பெயர் டைரியில் இல்லை, ஆனால் நீங்கள் பெஞ்சில் இருப்பது கேமராவில் இருக்கிறது என்று ஆனால், நான் ஒரு வார்த்தை வாதாட வேண்டியதில்லை.

அதே புகாரை மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் ஆணையம் சொல்வதை அரசாங்கம் வெறும் பரிந்துரை என்று ஓரமாக வைத்துவிடும். 2021 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட்டின் மூன்று நீதிபதிகள் முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டும் என்று தீர்ப்பு சொன்ன பிறகு நிலைமை மாறியிருக்கிறது. புதுச்சேரி போலீஸ் மேல் புகார் என்றால் அங்கே போலீஸ் புகார் ஆணையம் தனியாக இருக்கிறது, பாகூர்க்காரர் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. புகாரில் கோபமான வார்த்தை ஒன்று கூட வேண்டாம், நேரமும் இடமும் நடந்ததும் மட்டும் எழுதுவோம். புகார் ஸ்பீடு போஸ்டில் போய்விட்டால், அதற்கு அப்புறம் அந்த ரோட்டில் உங்களைத் தொட யோசிப்பார்கள். புகார் கொடுக்காத பையனைத்தான் திரும்பத் திரும்ப நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் கடலூர் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள், நான் இருப்பேன். அன்றைக்கு எத்தனை மணிக்குக் கம்பெனியிலிருந்து வெளியேறினீர்கள் என்று காட்டும் பஞ்சிங் பதிவு, அம்மா உங்களுக்குப் போன் அடித்து எடுக்காமல் போனதன் கால் லிஸ்ட், இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு வாங்க. முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க.